உங்களைத் தணிக்கை செய்பவர் யார்?

1933-ஆம் ஆண்டு, ஏப்ரல் திங்கள் முதல் நாள். வாஷிங்டன் நகரிலே அமெரிக்கச் செனட் சபையின் வங்கி நாணயக் குழு கூடியிருக்கிறது. நாடு நொந்து கிடக்கும் நேரம். இழுத்து மூடப்பட்ட வங்கிகள் அப்போதுதான் ஒவ்வொன்றாகத் திறக்கப்படுகின்றன. வேலையற்று வீதியில் நிற்போர் தொகை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. பங்குகளையும் கடன் பத்திரங்களையும் மக்களிடம் விற்போரை ஒரு கட்டுக்குள் கொண்டுவரச் சட்டம் செய்ய வேண்டும் என்று உறுப்பினர்கள் கூடிப் பேசுகிறார்கள்.

குழுவின்முன் ஒருவர் நிற்கிறார். பெயர் ஆர்தர் கார்ட்டர். படையிலே கர்னல் பதவி வகித்தவர். இப்போது ‘ஹாஸ்கின்ஸ் அண்ட் செல்ஸ்’ எனும் புகழ்பெற்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தின் தலைவர். நியூயார்க் மாநிலத்துச் சான்றுபெற்ற கணக்காளர் சங்கத்தின் தலைவரும் அவரே. பங்கு விற்கும் ஒவ்வொரு கம்பெனியின் கணக்கையும் வெளியார் ஒருவர், தனித்து நின்று தணிக்கை செய்த பிறகே மக்கள்முன் வைக்க வேண்டும் என்று அவர் வாதாடுகிறார்.

கென்டக்கி மாநிலத்து உறுப்பினர் ஆல்பென் பார்க்லி குறுக்கிட்டுக் கேட்கிறார். கம்பெனிகளுக்குள்ளேயே வேலை பார்க்கும் கணக்கதிகாரிகள் இருக்கிறார்களே, அவர்களுடைய சங்கத்துக்கும் உங்கள் சங்கத்துக்கும் தொடர்பு உண்டா என்கிறார். தொடர்பே இல்லை, அவர்களுடைய கணக்கைத் தணிக்கை செய்பவர்கள் நாங்கள் என்கிறார் கார்ட்டர்.

“உங்களைத் தணிக்கை செய்பவர் யார்?” என்று கேட்கிறார் பார்க்லி.

“எங்கள் மனச்சான்று” என்று விடை தருகிறார் கார்ட்டர்.

கேள்வியும் விடையும் அவ்வளவுதான். அந்த அவைக் குறிப்பேட்டை இன்று எடுத்துப் படிக்கும் நாம் அந்த இடத்திலே சற்று நின்றுவிடுகிறோம். கணக்குக் கேட்பதையே தொழிலாகக் கொண்டவர், தம்மிடம் கணக்குக் கேட்கப்பட்டபோது, காட்ட முடியாத ஒன்றைக் காட்டினார். பின்னர் நிகழ்ந்தவற்றை எல்லாம் தொடர்ந்து பார்த்தால், ஏறக்குறைய 90 ஆண்டு வரலாறு அந்த இரு வரிகளுக்குள்ளே அடங்கிக் கிடப்பதைக் காண்கிறோம்.

கார்ட்டர் கெட்டவர் அல்லர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தீயவனைக் காட்டி, அவனால்தான் தீமை விளைந்தது என்று சொல்லிக் கதையை முடிப்பது எளிது. அறிவாளியும் நாணயமானவருமான ஒருவர் அரசின் வாயிலிலே தம் தொழிலுக்காக வந்து நின்றபோது என்ன நேர்ந்தது என்று ஆராய்வதே வரலாறு நம்மிடம் கேட்கும் வேலை.

அவர் வெஸ்ட் பாயிண்ட் படைக்கல்லூரியிலே பயின்றவர். முதல் உலகப் போரின்போது பீரங்கிப் படையினருக்குப் பயிற்சி தந்தவர். போர் முடிந்த பிறகு பேரேட்டின் பக்கம் திரும்பினார். 1927 முதல் 1947 வரை, 20 ஆண்டுக்காலம், தம் நிறுவனத்தைத் தலைமை தாங்கி நடத்தினார்.

அந்த நிறுவனத்தின் பிறப்பே அரசாங்கத்தோடு பின்னிப் பிணைந்தது. 1893-இல் அமெரிக்க அரசின் அலுவலகங்களில் வேலை நடக்கும் முறையைச் சீராக்க டாக்கரி என்பார் பெயரால் ஒரு குழு அமைந்தது. அந்தக் குழுவுக்குக் கணக்கு வல்லுநர்களாக வந்த இருவர், சார்லஸ் வால்டோ ஹாஸ்கின்ஸும் எலைஜா வாட் செல்ஸும். கருவூலத்துக் கணக்கு முறையைச் சீர்செய்தபோது நண்பர்களான இருவரும் 1895-இல் நியூயார்க்கிலே சொந்தமாகத் தொழில் தொடங்கினர். மறு ஆண்டே, 1896-இல், நியூயார்க் மாநிலம் கணக்காளருக்குச் சான்று வழங்கும் சட்டத்தை இயற்றியது. கணக்கு எழுதுவோன் என்ற நிலை மாறி, சட்டத்தின் முத்திரை பெற்ற வல்லுநன் என்ற நிலை பிறந்தது.

முத்திரை கிடைத்தது, வேலை கட்டாயமாகவில்லை. கம்பெனி விரும்பினால் தணிக்கையாளரை அழைக்கும், விரும்பாவிட்டால் விட்டுவிடும். அழைத்தாலும், என்னென்ன பார்க்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டா என்பதைக் கூலி கொடுப்பவரே முடிவு செய்யலாம். அந்த நிலையிலேதான் 1929 வந்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில் 381 என்று உச்சியில் நின்ற டௌ ஜோன்ஸ் பங்குக் குறியீடு, 1932 ஜூலையில் 41-ஆகச் சரிந்தது. பத்துப் பங்கிலே ஒரு பங்குதான் மிச்சம்! முதல் உலகப் போருக்குப் பிந்திய பத்தாண்டில் அமெரிக்க மக்களிடம் விற்கப்பட்ட 5,000 கோடி டாலர் பெறுமான பத்திரங்களிலே பாதி வெறும் காகிதமாகப் போயிற்று என்று அந்நாட்டு மக்கள் சபையின் குழு 1933-இல் கணக்குக் காட்டியது.

யார் வாங்கிய பத்திரம் அது? ஆசிரியர் வாங்கினார், கடைக்காரர் வாங்கினார், கைம்பெண் வாங்கினாள். முதுமைக்கென்று ஒதுக்கிய காசைக் கொடுத்து வாங்கினார்கள். விற்றவர் காட்டிய ஐந்தொகையை நம்பி வாங்கினார்கள்.

1932 மார்ச் 12-ஆம் நாள், ‘தீக்குச்சி மன்னர்’ என்று உலகம் போற்றிய சுவீடன் நாட்டு ஐவார் குரூகர், பாரிஸ் நகரிலே தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். அரசாங்கங்களுக்கே கடன் கொடுத்தவர் அவர். அவர் மாண்ட பிறகு பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். இத்தாலிய அரசின் கடன் பத்திரங்கள் என்று அவர் வைத்திருந்தவை போலி என்று தெரிந்தது. கம்பெனிக்குள் கம்பெனி, அதற்குள் இன்னொரு கம்பெனி என்று அடுக்கி, ஒன்றின் ஓட்டையை மற்றொன்றின் ஏட்டிலே மறைத்திருந்தார். அவருடைய பத்திரங்களை வாங்கி வைத்திருந்த அமெரிக்கக் குடும்பங்கள் கதறின. எல்லா ஏடுகளையும் ஒருசேர வைத்துப் பார்த்த வெளியார் ஒருவர்கூட இல்லையா என்ற கேள்வி எழுந்தது.

ஆகவே, கார்ட்டர் குழுவின்முன் வந்து நின்றபோது அவர் கையிலிருந்த வழக்கு வலுவானது. அவர் சொன்ன காரணமும் அறிவுக்குப் பொருந்துவதே. கம்பெனியின் உள்ளே இருக்கும் கணக்கதிகாரி கம்பெனியிடம் சம்பளம் வாங்குபவர். மேலிருப்பவர் ஆணைக்குக் கட்டுப்பட்டவர். அவர் எழுதிய கணக்கை அவரே சரி என்று சொல்வது போதாது. கூலி வாங்குபவன் கூலி தருபவனைக் குற்றம் சொல்வது அரிது என்பது நாம் ஒவ்வொரு நாளும் காணும் உண்மை. இதை அவையிலே எடுத்துரைத்ததற்காகக் கார்ட்டரைப் பாராட்டவே வேண்டும்.

ஆனால் தோழர்களே, அடுத்த படியையும் எண்ணிப் பாருங்கள். கணக்கதிகாரிக்குச் சம்பளம் தருவது கம்பெனி. தணிக்கையாளருக்குக் கட்டணம் தருவது யார்? அதே கம்பெனி! கணக்கதிகாரியை நீக்க வல்லது கம்பெனி. தணிக்கையாளரை மாற்ற வல்லது யார்? அதே கம்பெனி! பிறரை அளக்க ஒரு கோல் கொண்டுவந்தார் கார்ட்டர். நல்ல கோல்தான். தம்மை அளக்க வேண்டிய நேரம் வந்தபோது அதைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

குழுவிலே மற்றொரு வழியும் பேசப்பட்டது. மக்கள் பணத்தைக் காக்கும் வேலை இது. இதைத் தனியாரிடம் ஒப்படைப்பானேன்? அரசே ஆட்களை வைத்துத் தணிக்கை செய்தால் என்ன என்று கேட்டார்கள். அரசு அலுவலகத்தைவிடத் தொழில் வல்ல தணிக்கையாளரே இதற்கு ஏற்றவர், பெரிய கம்பெனிகளின் ஏடுகளை ஏற்கெனவே பார்த்துப் பழகியவர்கள் அவர்கள்தாம் என்பது கார்ட்டரின் வாதம். அதிலும் உண்மை இருந்தது. அவ்வளவு கணக்கையும் பார்க்கும் ஆள்பலம் அன்று அரசிடம் இல்லை.

இங்கேதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் வருகிறது. சட்டம் செய்வோருக்குக் கணக்கு தெரியாது. தெரிந்தவர், அந்தச் சட்டத்தால் பிழைப்புப் பெறப்போகிறவர். அவர் சொல்வதைக் கேட்காவிட்டால் சட்டம் குருட்டுச் சட்டமாகும்; கேட்டு அப்படியே எழுதினால் ஒருதலைச் சட்டமாகும். அமெரிக்காவிலே ‘லாபி’ என்பார்கள். சட்டமன்றத்தின் முன்கூடம் என்பது அச்சொல்லின் பொருள். முன்கூடத்திலே காத்திருந்து, உறுப்பினர் காதிலே தம் கட்சியைச் சொல்பவர் என்பதிலிருந்து, அரசிடம் ஆதரவு திரட்டுவதையே தொழிலாகக் கொண்டவர் என்று அதன் பொருள் வளர்ந்தது. 1946-இல் இத்தகையோர் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டமே செய்தார்கள். கார்ட்டர் முன்கூடத்திலே முணுமுணுத்தவர் அல்லர். அவையிலே எழுந்து நின்று, எல்லோரும் கேட்கப் பேசியவர். அவர் சொன்னதும் குறிப்பேட்டிலே ஏறியது, அவரிடம் கேட்கப்பட்டதும் ஏறியது. அதனால்தான் இன்று நம்மால் இதை எழுத முடிகிறது. பின்னால் வந்தவர்கள் அவ்வளவு வெளிச்சத்திலே பேசவில்லை என்பதை மேலே காண்போம்.

1933 மே 27-இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் பத்திரச் சட்டத்திலே கையொப்பமிட்டார். புதிதாகப் பத்திரம் விற்கும் கம்பெனியின் கணக்குக்குத் தனித்து நிற்கும் கணக்காளர் சான்று வழங்க வேண்டும் என்ற விதி அதிலே இடம்பெற்றது. கார்ட்டர் ஒருவர் பேச்சினாலேயே வந்தது என்று நாம் சொல்லவில்லை. பிரிட்டிஷ் கம்பெனிச் சட்டம் முன்மாதிரியாக இருந்தது. நியூயார்க் பங்குச் சந்தையும், இனி இடம் கேட்டுவரும் கம்பெனிகள் வெளித்தணிக்கை செய்துகொண்டு வர வேண்டும் என்று அதே ஆண்டு ஜனவரியில் அறிவித்திருந்தது. (அப்படி அறிவித்த சந்தைத் தலைவர் ரிச்சர்ட் விட்னி, பிறர் பணத்தைக் கையாடிய குற்றத்துக்காக 1938-இல் சிறை சென்றார் என்பதையும் இங்கே நினைவிற் கொள்வோம்!) எப்படியாயினும், ஒரு தொழில் முழுவதற்கும் அன்று சட்டமே வாடிக்கை தேடிக் கொடுத்தது. விரும்பினால் அழைக்கலாம் என்றிருந்த தணிக்கையாளரை, அழைத்தே தீர வேண்டும் என்றாயிற்று.

பொய்க் கணக்குக்குச் சான்று தந்தவரும் இழப்பீடு தர வேண்டும் என்ற கடுமையான பொறுப்பையும் அச்சட்டம் சேர்த்தது. ஓராண்டு கழிந்தது. 1934-இல் பங்குச் சந்தைச் சட்டம் வந்தது. மேற்பார்வைக்கென ஓர் ஆணையமும் அமைந்தது. அதே சட்டத்தின் வாயிலாக, முந்திய சட்டத்தின் பொறுப்புக் கடுமை தளர்த்தப்பட்டது. வழக்குத் தொடுக்கும் காலவரையும் குறைக்கப்பட்டது. வாடிக்கை நிலைத்தது, பொறுப்பு மெலிந்தது.

கணக்கு எழுதும் முறைகளை யார் வகுப்பது என்ற கேள்வி அடுத்து எழுந்தது. அதற்கான அதிகாரம் ஆணையத்திடம் இருந்தது. 1938 முதல், பெரும்பாலும் தொழில் வல்லுநர்கள் ஏற்கும் முறைகளையே ஏற்பது என்று ஆணையம் நடந்துகொண்டது. ஆணையத்தின் முதல் தலைமைக் கணக்காளர் கார்மன் பிளௌ என்பவர் அதே ஆண்டிலே அப்பதவியை விட்டு, ‘ஆர்தர் ஆண்டர்சன்’ என்னும் தணிக்கை நிறுவனத்திலே சேர்ந்தார். அவர்மீது நாம் குற்றம் சுமத்தவில்லை. மதிக்கப்பட்ட அறிஞர் அவர். காவல் செய்த மாளிகைக்கும் காக்கப்பட்ட மாளிகைக்கும் இடையே ஒரு கதவு உண்டு, அது இருபுறமும் திறக்கும் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

மனச்சான்று போதும் என்று சொன்னார்களே, அதற்குச் சோதனை வந்ததா? வந்தது. ஆறாண்டு நிறைவதற்குள்ளேயே வந்தது.

மக்கெஸன் அண்ட் ராபின்ஸ் என்பது பெரியதொரு மருந்துக் கம்பெனி. அதன் தலைவர் டொனால்ட் காஸ்டர். ஊரார் மதித்த செல்வர். 1938 டிசம்பரில் உண்மை வெடித்தது. காஸ்டர் என்று ஒருவர் இல்லவே இல்லை! அவர் உண்மைப் பெயர் பிலிப் மியூசிக்கா. மோசடிக்காக முன்பே தண்டனை பெற்றவர். கம்பெனி காட்டிய 8 கோடியே 70 இலட்சம் டாலர் சொத்திலே ஏறத்தாழ 1 கோடியே 90 இலட்சம் டாலர் வெறும் கற்பனை. கனடாவிலே கிடங்குகளில் சரக்கு இருக்கிறது என்று ஏடு சொன்னது. கிடங்கும் இல்லை, சரக்கும் இல்லை. வாங்கியவர் பணம் தர வேண்டும் என்று ஏடு சொன்னது. வாங்கியவரும் இல்லை. டிசம்பர் 16-ஆம் நாள், பிடிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று அறிந்த மியூசிக்கா தம்மைச் சுட்டுக்கொண்டு மாண்டார்.

தணிக்கை நடக்கவில்லையா? ஆண்டுதோறும் நடந்தது. செய்தது பிரைஸ் வாட்டர்ஹவுஸ் எனும் பெயர்பெற்ற நிறுவனம். கூட்டல் கழித்தலைப் பார்த்தார்கள், காகிதங்களைப் பார்த்தார்கள், கையொப்பமும் இட்டார்கள். கிடங்குக்குப் போய்ச் சரக்கை எண்ணிப் பார்க்கவில்லை. கடன்காரருக்கு நேரே கடிதம் எழுதிக் கேட்கவில்லை. ஏன்? அப்படிச் செய்ய வேண்டும் என்பது அன்றைய தொழில் முறையாக இல்லை! அவர்கள் சூழ்ச்சிக்காரர்கள் அல்லர், வழக்கப்படி நடந்தவர்கள். அவர்களுடைய மனச்சான்று தூய்மையாகவே இருந்தது. ஆனால் அந்த மனச்சான்று கிடங்கு வரை நடந்து போகவில்லை.

நாம் அறிய வேண்டிய பாடம் இதுவே. நல்லெண்ணம் ஒருவனை நாணயமாக இருக்கச் செய்யலாம். கண் காணாததைக் காணச் செய்யாது. தணிக்கை நிறுவனம் தான் வாங்கிய கட்டணத்திலே 5 இலட்சம் டாலருக்கு மேல் திருப்பித் தந்தது. 1939-இல் அந்தத் தொழிலாரே கூடி, இனிச் சரக்கை நேரிலே போய்ப் பார்க்க வேண்டும், கடன்காரருக்கு நேரே எழுதிக் கேட்க வேண்டும் என்று விதி செய்தார்கள். மக்கெஸன் ஊழலும் அதன்பின் ஆணையம் நடத்திய விசாரணையும் தந்த அதிர்ச்சியே அந்த விதியைக் கொண்டுவந்தது. தொழிலின் மனச்சான்று அதுவரை அந்த விதியைச் செய்யவில்லை.

கார்ட்டரின் பிற்கால வாழ்வையும் சொல்லிவிடுவோம். இரண்டாம் உலகப் போர் மூண்டது. கணக்குத் தொழிலை விட்டு அரசுப் பணிக்கு மீண்டும் சென்றார். படைத்துறையின் நிதிப் பொறுப்பிலே அமர்ந்தார். மேஜர் ஜெனரல் பதவி பெற்றார். கோடி கோடியாகச் செலவான போர்ப் பணத்தின் கணக்கு அவர் பார்வையில் நடந்தது. அவருடைய தனி நாணயத்தைப் பற்றி ஐயம் கொள்ள நமக்கு இடமில்லை. அவர் சொன்ன விடை அவரளவிலே பொய்யாக இருந்திருக்காது. ஆனால் சட்டம் ஒரு கார்ட்டருக்காக எழுதப்படுவதில்லை. அவருக்குப் பின் அந்நாற்காலியில் அமரப்போகும் அனைவருக்குமாக எழுதப்படுகிறது.

பின்னால் அமர்ந்தவர்கள் காலத்திலே தொழில் பெருத்தது. நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைந்தன. கார்ட்டரின் நிறுவனமும் 1989-இல் வேறொன்றோடு கலந்து, இன்று டெலாய்ட் என்று உலகறிந்த பெயருக்குள் அடங்கிவிட்டது. தணிக்கை செய்யும் அதே நிறுவனம், அதே கம்பெனிக்கு ஆலோசனையும் விற்றது. 1990-களின் இறுதிக்குள் பெரிய நிறுவனங்களுக்குத் தணிக்கையால் வந்ததைவிட ஆலோசனையால் வந்த வருமானம் மிகுந்துவிட்டது. ஒரு கையால் சான்று. மறு கையால் சரக்கு!

வாஷிங்டனிலே அவர்கள் சார்பில் பேசுவோரும் பெருகினார்கள். 1995-இல் பங்கு வாங்கி ஏமாந்தோர் வழக்குத் தொடுப்பதைக் கடினமாக்கும் சட்டம் ஒன்று வந்தது. தணிக்கை நிறுவனங்கள் அதற்காகப் பெரிதும் பாடுபட்டன. குடியரசுத் தலைவர் கிளிண்டன் அதனை மறுத்துத் திருப்பி அனுப்பினார். அவர் மறுப்பையும் மீறி அதே டிசம்பரில் அதனைச் சட்டமாக்கினார்கள் உறுப்பினர்கள்.

2000-இல் ஆணையத்தின் தலைவர் ஆர்தர் லெவிட், தணிக்கை செய்யும் கம்பெனிக்கே ஆலோசனை விற்பதைக் கட்டுப்படுத்த விதி கொண்டுவந்தார். பொங்கி எழுந்தன பெரிய நிறுவனங்கள். உறுப்பினர்களிடமிருந்து ஆணையத்துக்குக் கடிதங்கள் பறந்தன. ஆணையத்தின் செலவுப் பணத்திலேயே கை வைப்போம் என்ற மிரட்டலும் வந்தது என்று லெவிட் பின்னர் எழுதினார். என்ரான் கம்பெனித் தலைவர் கென்னத் லேயும் அந்த விதியை எதிர்த்துக் கடிதம் எழுதியவர்களிலே ஒருவர். இறுதியில் விதி மெலிந்து வெளிவந்தது. தடை பெரும்பாலும் போய், கட்டணத்தை வெளியிட்டால் போதும் என்று முடிந்தது.

என்ரான்! மராட்டிய மாநிலத்து டாபோல் மின்நிலையத்தால் நம் நாட்டாருக்கும் பழக்கமான பெயர். 2000-ஆம் ஆண்டிலே அக்கம்பெனி தன் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சனுக்குத் தணிக்கைக்கென 2 கோடியே 50 இலட்சம் டாலரும், பிற வேலைகளுக்கென 2 கோடியே 70 இலட்சம் டாலரும் கொடுத்தது. 2001 டிசம்பர் 2-ஆம் நாள் என்ரான் திவாலாயிற்று. மறைத்து வைத்த கடன்கள் வெளிவந்தன. ஊழியர்கள் வேலை இழந்தார்கள். கம்பெனிப் பங்கிலே போட்டு வைத்திருந்த ஓய்வுக்காலச் சேமிப்பையும் இழந்தார்கள். தணிக்கையாளர் அலுவலகத்திலே என்ரான் தாள்கள் துண்டு துண்டாகக் கிழிக்கப்பட்டன என்ற செய்தியும் வந்தது. 2002 ஜூனில் ஆண்டர்சன் நிறுவனம் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. ஜூரிகளுக்குத் தரப்பட்ட விளக்கம் பிழையென்று 2005-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. அதற்குள் நிறுவனமே அழிந்துவிட்டது. உலகெங்கும் ஏறத்தாழ 85,000 பேர் பணியாற்றிய நிறுவனம்! அவர்களிலே மிகப் பெரும்பாலோர் என்ரான் ஏட்டைத் தொட்டும் பார்த்திராதவர்கள்.

அந்த நேரத்திலே ஆணையத்தின் தலைமையில் இருந்தவர் யார்? ஹார்வி பிட் என்னும் வழக்கறிஞர். 2001 ஆகஸ்டில் பதவி ஏற்குமுன் தணிக்கை நிறுவனங்களுக்காகவும் அவர்களுடைய சங்கத்துக்காகவும் வாதாடி வந்தவர். வாதாடியவரே காவலராக வந்தார். ஏறத்தாழப் பதினைந்து மாதத்தில் பதவி விலகலையும் அறிவித்தார்.

2002 ஜூலை 30-இல் சார்பேன்ஸ் ஆக்ஸ்லி சட்டம் வந்தது. செனட் சபையிலே 99 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒருவரும் இல்லை. தணிக்கையாளரைத் தணிக்கை செய்ய ஒரு வாரியம் அமைந்தது. பார்க்லி கேட்ட கேள்விக்குச் சட்டம் விடை எழுத 69 ஆண்டுகள் ஆயின! மனச்சான்று என்ற விடையை அடித்துவிட்டு, ஒரு வாரியத்தின் பெயரை எழுதினார்கள்.

அத்தோடு கதை முடிந்ததா? முடியவில்லை. அவ்வாரியத்திலே வேலை பார்த்தவர்களைக் கே.பி.எம்.ஜி. என்ற தணிக்கை நிறுவனம் தன்னிடம் சேர்த்துக்கொண்டது. எந்தெந்தத் தணிக்கைகளை வாரியம் சோதிக்கப்போகிறது என்ற இரகசியப் பட்டியல் அந்த நிறுவனத்துக்குள் போய்ச் சேர்ந்தது. தேர்வுக்குமுன் வினாத்தாள்! 2019 ஜூனில் அந்நிறுவனம் உண்மைகளை ஒப்புக்கொண்டு 5 கோடி டாலர் தண்டம் கட்டச் சம்மதித்தது.

நம் பக்கத்திலும் ஒரு நிகழ்ச்சி. ஐதராபாத் நகரத்துச் சத்யம் கம்பெனியின் பங்குகள் நியூயார்க்கிலும் விற்கப்பட்டதால் அமெரிக்க ஆணையமும் வாரியமும் அதனுள் வந்தன. 2009 ஜனவரி 7-ஆம் நாள் அதன் தலைவர், வங்கியில் இருப்பதாகக் காட்டிய பணத்திலே 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை என்று தாமே எழுதிக் கொடுத்தார். தணிக்கையாளர் வங்கிகளுக்கு நேரே எழுதி நேரே விடை பெறவில்லை. கடிதம் போவதையும் வருவதையும் கம்பெனியாரிடமே விட்டுவிட்டார்கள் என்று அமெரிக்க ஆணையம் கண்டது. கண்டதை ஒப்பாமலும் மறுக்காமலும், இந்தியாவிலிருந்த பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கூட்டு நிறுவனங்கள் 2011-இல் 75 இலட்சம் டாலர் தண்டம் கட்டின. நேரே எழுதிக் கேள் என்பது 1939-இலேயே செய்த விதி அன்றோ! 70 ஆண்டு கழித்து, அதே இடத்திலே கால் இடறியது. தணிக்கையாளரைக் கண்காணிக்கத் தேசிய நிதி அறிக்கையிடல் ஆணையம் நம் நாட்டிலே 2018-இல் அமைந்தது.

இவற்றை எல்லாம் எடுத்துச் சொல்வதால், தணிக்கையே வீண் என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டா. சொன்னபடி நேரே போய்ப் பார்த்துக் கையொப்பமிடும் கணக்காளர் ஒவ்வொருவரும் நாட்டுக்குச் செய்யும் தொண்டு பெரிது. அரசிடம் தம் கட்சியை எடுத்துச் சொல்வதும் குற்றமில்லை. அது குடியாட்சியிலே எவர்க்கும் உள்ள உரிமை. நாம் வேண்டுவது இரண்டே. சொல்வது அவையிலே, எல்லோரும் கேட்கச் சொல்லப்பட வேண்டும். பிறர்க்கு வைக்கும் அளவுகோல் சொல்பவர்க்கும் வைக்கப்பட வேண்டும்.

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்றார்கள் நம் முன்னோர். அளப்பவனையும் அளக்க வேண்டும் என்று நாம் அதனோடு சேர்த்துக்கொள்வோம். பெரிய மனிதர், நல்லவர், படித்தவர், அவர் நெஞ்சே அவருக்குக் காவல் என்று சொல்லும்போது நாம் சொல்வது ஒரு நம்பிக்கை. நம்பிக்கையைச் சான்றாக ஏற்கும் பழக்கம் கோயிலிலே மட்டும் இருப்பதன்று. கணக்கு அலுவலகத்திலும் அது நாற்காலி போட்டு அமர்ந்துவிடும்.

இளைஞர்களுக்கு இறுதியாக ஒன்று. இது அமெரிக்கக் கோடீசுவரர் கதை, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். ஊரிலே கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. தெருவிலே படிப்பகம் இருக்கிறது. நாமே கூடி நடத்தும் மன்றம் இருக்கிறது. அதற்கொரு பொருளாளர் இருக்கிறார். அவர் நம் தோழர், நாணயமானவர், நாம் ஐயப்படவில்லை. ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை ஏட்டை விரித்து வைக்கச் சொல்வோம். பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்ப்போம். நம் கையில் ஏடு இருக்கும் காலத்திலே பிறர் வந்து கேட்டால் முகம் சுளிக்காமல் எடுத்து நீட்டுவோம்.

பார்க்லி அன்று கேட்டது பகைமையால் பிறந்த கேள்வி அன்று. அதற்குச் சரியான விடை, “நீங்களே வந்து பாருங்கள்” என்பது. கார்ட்டர் அதைச் சொல்லவில்லை. நாம் சொல்வோம்.